கோவாவில் பாரம்பரியம், நம்மூரில் குற்றமா?

நீண்ட பதிவு. முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதி படித்துவிட்டுத் திட்டுகிறவர்களுக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது.

கோடை விடுமுறை வந்தால் என் பக்கத்தில் கோவா படங்கள் வரிசை கட்டி வருகின்றன. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் இன்று வங்கியிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள், நாலு இடம் போய் வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. முன்பு கடற்கரையும் மாதா கோயிலும் படத்தில் இருக்கும். இப்போது கொஞ்ச காலமாக ஃபெனி வடிக்கும் இடத்துக்குச் சுற்றுலா போகிறார்கள். செம்புப் பானைக்கு முன்னால் நின்று ஒரு படம். சின்னக் கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்து ஒரு படம். கீழே 'பாரம்பரியம்', 'மண்ணின் சுவை' என்று இரண்டு வரி.

போன மாதம், பனங்கள் இறக்கத் தடை நீங்க வேண்டும் என்று நான் நாலு வரி எழுதினேன். அந்தப் பிள்ளைகளில் சிலரே வந்து, "டீச்சர், நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்றார்கள். "கள்ளுக்கடை வந்தால் கிராமம் நாசமாகிவிடும்" என்றான் ஒருவன். அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகப்புப் படமே செம்புப் பானைதான்.

42 சதவீதம் போதை உள்ள ஃபெனியைக் காசு கொடுத்துச் சுவைத்துப் பார்த்தால் அது பண்பாடு. அதில் எட்டில் ஒரு பங்குகூட இருக்குமா என்று சொல்லக்கூடிய கள்ளை நம் ஊர்ப் பனையேறி இறக்கினால் அது குற்றம். இந்தக் கணக்கு எந்த வாய்ப்பாட்டில் வருகிறது என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கிறவள் இல்லை. கள் மருந்து, கள் சத்துணவு என்று சொல்கிறவர்கள் கட்சியிலும் நான் இல்லை. கள்ளில் போதை இருக்கிறது, அளவு மீறினால் அதுவும் குடியைக் கெடுக்கும். சங்க காலத்திலேயே குடித்தார்கள், அதனால் நாமும் குடிக்கலாம் என்ற வாதமும் எனக்கு வேண்டாம். பழைய காலத்திலிருந்து வந்த எத்தனையோ கொடுமைகளைச் சட்டம் போட்டு ஒழித்திருக்கிறோம். பழையது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

என் வாதம் வேறு. ஒரு தொழிலைக் கதவு திறந்து, பத்துப் பேர் பார்க்க நடத்த விட்டால் அதில் விஷம் கலக்க முடியாது. அதையே முள்ளுக்காட்டுக்குள் துரத்தினால் என்ன கலக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கோவா சுற்றுலாவில் நாம் கற்றுக்கொண்டு வரவேண்டிய பாடம் இதுதான். பிள்ளைகள் குவளையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள்.

சென்ற ஏப்ரலில் மகன் குடும்பத்தோடு நானும் அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். அவர்கள் சுவைத்தார்கள், நான் கேள்வி கேட்டேன். வாத்தியார் புத்தி போகுமா?

அங்கே மரத்திலிருந்து பழத்தைப் பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழுந்த முந்திரிப் பழத்தைத்தான் பொறுக்குகிறார்கள். எங்கள் பக்கம் கொல்லாம்பழம் என்போமே, அதேதான். கொட்டையைத் திருகி எடுத்து விலைக்குத் தனியே வைத்துவிட்டு, பழத்தைப் பாறைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். சாறு வடிகிறது. மிச்சச் சக்கையைக் கட்டி மேலே கல் பாரம் ஏற்றினால் சொட்டுச் சொட்டாக இறங்குவது நீரோ. அதைப் புளிக்குமுன் அப்படியே குடிக்கலாம், நானும் குடித்தேன். மற்ற சாற்றை மூன்று நாள் போலப் பானையில் புளிக்க விடுகிறார்கள். பிறகு அடுப்பில் ஏற்றி ஒரு முறை வடித்தால் உர்ராக். அது மார்ச் முதல் மே வரை மட்டும் கிடைக்கும் மிதமான சரக்கு. அதோடு மறுபடி புளித்த சாறு சேர்த்து இன்னொரு முறை வடித்தால் ஃபெனி. கொங்கணியில் 'ஃபேண்' என்றால் நுரை, அதிலிருந்து வந்த பெயர் என்றார்கள். நல்ல ஃபெனியை உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை மணி கட்டும். மணியைப் பார்த்தே பதம் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் கருப்பட்டி காய்ச்சும் ஆச்சிகள் கொதியைப் பார்த்தே பதம் சொல்வார்களே, அந்த அறிவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முந்திரி இந்த மண்ணின் மரம் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அதற்கு முன்பே அங்கே தென்னங்கள் இருந்தது, தென்னங்கள்ளை வடித்த ஃபெனி இன்றும் தெற்குக் கோவாவில் உண்டு. இந்த ஃபெனி ரொம்ப காலம் அரசாங்க ஏட்டில் 'நாட்டுச் சாராயம்' என்ற பட்டியலில்தான் கிடந்தது. ஏழைக் குடியானவன் குடிக்கிற நாற்றச் சரக்கு என்று படித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். 2016-இல் கோவா அரசு கலால் சட்டத்தைத் திருத்தி அதைப் 'பாரம்பரிய மது' என்று அறிவித்தது. காண்டோலிமில் இதற்கென ஓர் அருங்காட்சியகம்கூட வந்துவிட்டது.

கவனியுங்கள். அதே பழம், அதே பானை, அதே நெருப்பு, அதே வாடை. மாறியது சட்டப் புத்தகத்தில் ஒரு சொல். அந்தச் சொல் மாறியதும், மூக்கைப் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பனை நம் மாநில மரம். வெட்ட வேண்டுமென்றால் ஆட்சியர் அனுமதி வேண்டும். 2021-இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், ரேஷன் கடையில் கருப்பட்டி கிடைக்கும் என்று அறிவித்தார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எல்லாம் நல்ல காரியம்.

ஆனால் மரத்தின்மேல் என்ன நடக்கிறது? பனையேறி தளைநாரை மாட்டிக்கொண்டு விடியுமுன் ஏறுகிறார். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். அவர் உழைப்பாளி, பாரம்பரியத்தின் காவலர், மேடையில் பொன்னாடை. சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்குவது கள். அவர் குற்றவாளி, மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு, கலயம் உடைப்பு, காவல் நிலையத் திண்ணை. அதே மனிதர், அதே மரம், அதே பாளை. நடுவில் இருப்பது ஒரு கரண்டிச் சுண்ணாம்பு.

வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கலைஞர் ஆட்சியில் தளர்த்தப்பட்டு, 1974-க்குள் மறுபடி மூடப்பட்டது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன. பாட்டிலில் வரும் பிராந்தியும் விஸ்கியும் நிற்கவில்லை. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 2023-24 கணக்கில் அந்தக் கடைகளால் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

ஆக, தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருக்கத்தான் செய்கிறது. குடிக்கிறவனுக்கு விலக்கு இல்லை. இறக்குகிறவனுக்குத்தான் விலக்கு.

அந்தக் கடைப் பலகையில் 'அயல்நாட்டு மது' என்று எழுதியிருக்கும். அது அயல்நாட்டிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, நிறமும் மணமும் சேர்த்தது. பிராந்தி என்றால் திராட்சையிலிருந்து வர வேண்டும். நம் ஊர்ப் பாட்டிலில் எத்தனை சொட்டுத் திராட்சை இருக்கிறது என்று சுற்றுலா போய்ப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? கோவாவில் செம்புப் பானையின் மூடியைத் திறந்து காட்டுகிறார்கள். நம் ஊர் மது ஆலைக்குள் உங்களை யாராவது கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்களா? மதில் சுவரின் உயரத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

"தடையை நீக்கினால் கள்ளச்சாராயச் சாவு கூடும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, கள்ளும் கள்ளச்சாராயமும் பெயரில்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அதை யாரும் எந்தப் பானையிலும் வடிக்கவில்லை. பெயிண்டுக்கும் இரசாயன ஆலைக்கும் போகிற சரக்கைத் திருடிக் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் நரம்பைத் தாக்கும், அளவு கூடினால் உயிர் போகும்.

அந்தப் பாக்கெட்டை வாங்கியவர் யார்? கடைப் பாட்டிலின் விலைக்குக் கையில் காசு போதாத கூலித் தொழிலாளி. அவருக்குக் கிடைக்கிற மலிவான சரக்கு, முகம் தெரியாத ஆள் இருட்டில் நீட்டுகிற பாக்கெட் ஒன்றுதான் என்ற நிலைமையை யார் உண்டாக்கினார்கள்? பனை மூட்டில், பகல் வெளிச்சத்தில், பெயர் தெரிந்த மனிதர், காலையில் இறக்கியதைச் சாயங்காலத்துக்குள் விற்று முடிக்கிற ஏற்பாடு இருந்தால் குடி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாவு குறையும் என்கிறேன். உயிரோடு இருக்கிறவனைத்தானே திருத்த முடியும்?

திறந்து வைத்தால் திருட்டு குறையும் என்பதற்கு வெளிநாட்டிலும் சாட்சி இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, ஸ்காட்லாந்தில் விஸ்கி ஆலை சுற்றிப் பார்த்த படங்களைப் போட்டிருந்தாள். வெள்ளைச் சுவர், பித்தளைக் குழாய், எல்லாம் கோயில்போலச் சுத்தம். அந்த மலைப் பகுதி 200 ஆண்டுகளுக்கு முன்பு திருட்டு விஸ்கிக்குப் பேர் போனது. சிறிய ஆள் கட்ட முடியாத வரி. அதனால் மலை இடுக்கில் ஒளித்து வடித்தார்கள், கலால் அதிகாரிகளோடு அடிதடி. 1823-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரியைக் குறைத்து, 10 பவுன் கட்டணத்தில் உரிமம் கொடுத்தது. அடுத்த ஆண்டே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் உரிமம் வாங்கினார். ஒளித்து வடித்த அக்கம்பக்கத்தார் அவரைக் கொன்றுவிடுவதாக மிரட்ட, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடினார் என்பார்கள். கொஞ்ச காலத்தில் திருட்டு வடிப்பு அடங்கிப்போனது. இன்று நம் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய பெரிய ஆலைகள் பலவற்றின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே இன்று 'பாரம்பரியம்' என்று காட்டுவதில் பாதி, ஒரு காலத்தில் வழக்கு.

அவ்வளவு தூரம் எதற்கு? ஆரல்வாய்மொழி தாண்டி, களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. நம்மவர்கள் குடும்பத்தோடு போய்க் கப்பையும் மீன் கறியும் தின்றுவிட்டு, அதற்கும் படம் போடுகிறார்கள். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அது உணவு, இந்தப் பக்கம் அது வழக்கு.

இனி எனக்கு வந்த எதிர்வாதங்கள். ஒதுக்கக்கூடியவை அல்ல, அதனால் ஒவ்வொன்றாக.

ஒன்று. "கள்ளிலும் கலப்படம் நடந்தது, அதனால்தானே தடை வந்தது?" உண்மை. கேரளத்திலும் மயக்க மருந்து கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். ஆனால் கலப்படம் எப்போது வருகிறது? மரத்தில் இருப்பதைவிடக் கடையில் அதிகம் விற்க வேண்டும் என்று குத்தகைக்காரன் ஆசைப்படும்போது வருகிறது. இது கூட்டல் கழித்தல் கணக்கு. இத்தனை மரம், ஒரு மரத்துக்கு நாளைக்கு இத்தனை லிட்டர், கடையில் விற்றது இத்தனை லிட்டர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கலப்படம். கேரளத்தில் கள் எடுக்கும் மரத்துக்கு எண் போடுகிறார்கள். கோவாவில் முந்திரிக் காடுகளை மண்டலம் மண்டலமாகக் கலால் துறை ஏலம் விடுகிறது, எந்த மண்டலத்துப் பழம் எந்த அடுப்புக்குப் போனது என்பது ஏட்டில் இருக்கும். மூன்றாம் வகுப்புக் கணக்கு தெரிந்த ஓர் ஆய்வாளர் போதும்.

இரண்டு. "பெண்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளலாமா?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராமப் பள்ளியில் வேலை பார்த்தவள். காலை வழிபாட்டில் மயங்கி விழுகிற குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டால் "அப்பா சட்டியை உடைச்சுட்டார் டீச்சர்" என்ற பதில் எத்தனை முறை வந்திருக்கிறது தெரியுமா? அந்த அப்பாக்கள் யாரும் பனங்கள் குடித்துவிட்டுச் சட்டியை உடைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரசு முத்திரை போட்ட பாட்டில் கிடைத்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 47-ஆவது உறுப்பு, மதுவைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அந்த முயற்சியை 45,000 கோடிக் கடையிலிருந்து தொடங்குங்கள். நாளைக்கே பாட்டில் கடை எல்லாவற்றையும் இழுத்து மூடினால், கள்ளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், முதல் ஆளாகக் கை தட்டுவேன். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுக் கலயத்தை மட்டும் உடைப்பதற்குப் பெயர் மதுவிலக்கு இல்லை, போட்டியாளரை ஒழிப்பது.

மூன்று. "பாரம்பரியம் என்று சொல்லிச் சாதித் தொழிலில் கட்டிப்போடப் பார்க்கிறீர்களா?" இதுதான் எனக்கு வந்ததிலேயே கனமான கேள்வி. கேட்டவர் பனையேறியின் மகன், இன்று வழக்கறிஞர். அவர் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பனையிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு, முதுகு ஒடிந்து கட்டிலோடு கிடந்தவர்கள் உண்டு. எந்தப் பிள்ளையும் பிறப்பால் மரம் ஏற வேண்டியதில்லை. அதற்காகத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் நடத்தினோம். ஆனால் இன்றைக்கும் விரும்பியோ வேறு வழியில்லாமலோ ஏறுகிற சில ஆயிரம் பேர் இருக்கிறார்களே, அவர்கள் ஏறும்போது வழக்கு பயத்தோடும் அரை வயிற்றோடும் ஏற வேண்டுமா? தொழிலைக் குற்றமாக வைத்திருந்தால் சாதி ஒழியாது, அந்தத் தொழிலில் மிஞ்சியிருக்கிறவன் ஒழிவான். நல்ல கூலியும் காப்பீடும் மரம் ஏறும் கருவியும் வந்தால், எந்தச் சாதிப் பிள்ளையும் பயிற்சி எடுத்து வரட்டும். கோவாவிலும் தென்னங்கள் இறக்குகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மேலே ஏறுகிறவனுக்குப் போதுமானது கிடைக்காவிட்டால், கீழே எத்தனை அருங்காட்சியகம் கட்டியும் பயனில்லை.

நான்கு. "கோவாவைப் போல நம் ஊரையும் குடிகாரச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடச் சொல்கிறீர்களா?" இல்லை. அங்கே பார்த்ததில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. கடற்கரையில் குடித்துப் பாட்டிலை உடைக்கிறவர்களுக்கு அபராதம் போடவேண்டிய நிலைமைக்கு அந்த அரசே வந்திருக்கிறது. நாங்கள் போன இடத்திலும், ஐந்தாறு வகை சுவைத்த இளைஞர்கள் நேராக வாடகை ஸ்கூட்டரில் ஏறிப் போனார்கள், தடுக்க ஆள் இல்லை. தலைக்கு வாங்கிய கட்டணம் எங்கள் ஊரில் ஒரு நாள் கூலியைவிட அதிகம். வழிகாட்டிப் பையன் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் அழகாகப் பேசினான். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த பெரியவரின் பெயரை அவனும் சொல்லவில்லை, வந்தவர்களும் கேட்கவில்லை. எல்லாப் படத்திலும் அவர் முதுகு மட்டும் இருக்கும். இப்படி ஒரு சுற்றுலா நம் பனங்காட்டுக்கு வேண்டாம். வந்தால் ஏறுகிறவர் பேச வேண்டும், கட்டணத்தில் பாதிக்கு மேல் அவருக்குப் போக வேண்டும்.

சரி, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. என்னதான் செய்யச் சொல்கிறேன்?

முதலில், கள் இறக்குவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுங்கள். குத்தகைக்காரனிடம் கொடுக்காமல், ஏறுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு மட்டும் உரிமம் கொடுங்கள். பழைய கள்ளுக்கடை ஏல முதலாளிகள் பின்வாசல் வழியாக வந்துவிடக் கூடாது.

இரண்டாவது, மரத்துக்கு எண், ஏட்டில் லிட்டர் கணக்கு, அன்றன்றைக்கு விற்று முடிக்க வேண்டும் என்ற விதி. மிஞ்சியதைக் காடியாக்கலாம், கொட்டலாம், மறுநாள் விற்கக் கூடாது.

மூன்றாவது, பனை மூட்டைத் திறந்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பதநீர் இறக்குவதையும் கருப்பட்டி காய்ச்சுவதையும் வந்து பார்க்கட்டும். பெரியவர்கள் எதையும் வந்து பார்க்கட்டும். பத்துக் கண் பார்க்கிற இடத்தில் பத்து அதிகாரிகள் செய்கிற வேலை தானாக நடக்கும்.

நான்காவது, முந்திரியையும் மறக்காதீர்கள். பண்ருட்டிப் பக்கம் பருவத்தில் போனால், கொட்டையை எடுத்துவிட்டு எறிந்த பழம் மரத்தடியில் அழுகிக் கிடக்கும். கோவாக்காரன் தொழில் ஆக்கிய பழத்தை நாம் ஈக்குக் கொடுக்கிறோம். அதைச் சாராயம் ஆக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நீரோ போலப் புளிக்காத சாறாக, பாகாக விற்கவாவது ஒரு வழி பாருங்கள்.

ஐந்தாவது, இதில் அரசுக்கு வருகிற வரியில் ஒரு பங்கு குடிநோய் சிகிச்சைக்கு என்று எழுதி வையுங்கள். பாட்டில் வருமானத்திலும் அப்படியே. குடிக்க வைத்தவன்தான் மருந்துக்கும் செலவு செய்ய வேண்டும்.

கடைசியாக, சுற்றுலா போகிற என் பிள்ளைகளுக்கு. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், பாருங்கள். ஆனால் குவளையைத் தூக்கிப் படம் எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பழத்தைக் குனிந்து பொறுக்கியவருக்கு என்ன கூலி? இந்த அடுப்பை எரிக்கிறவர் பெயர் என்ன? இதையே என் ஊர்க்காரர் செய்தால் இந்நேரம் எங்கே இருப்பார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகும் 'பாரம்பரியம்' என்று எழுத உங்கள் கை வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

பதநீர் இன்றைக்கும் சட்டப்படி குடிக்கலாம். மாசி பிறந்தால் உடன்குடி, விளாத்திகுளம், சாயல்குடிப் பக்கம் வாருங்கள். விடிகாலையில், பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். கொடுக்கிறவர் பெயரைக் கேளுங்கள், உங்கள் படத்தில் அவர் முகம் தெரியட்டும்.

வாதம் செய்கிறவர்கள் வாருங்கள், பதில் சொல்வேன். "டீச்சர் குடிக்கச் சொல்கிறார்" என்று எழுதுகிறவர்கள், மேலே போய் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.